வெள்ளை விரிப்புகளும் ஏழு முகங்களும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபம் என்னுடையதல்ல, என் அக்காவுடையது. ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நீராவிக்கு நடுவே ஒரு தேவதையைப் போல அவள்…’

“நீராவில நின்னா வேர்க்கும்டா. தேவதையாம்!” என்றாள். விட்டுவிட்டேன்.

2

நடந்தது இதுதான். மருத்துவமனை நடைவழிச் சுவரில் டாக்டர்கள், நர்சுகள், டிரைவர்கள் எல்லோருடைய குழுப்படமும் தொங்குகிறது. சலவைக் கூடத்துப் பெண்களுக்கு மட்டும் இல்லை. “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று தட்டிக்கழித்தார் மேற்பார்வையாளர். அக்கா பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கினாள். வெள்ளைச் சீருடையில் ஆறு தோழிகளை, வெயிலில் காயும் விரிப்புகளுக்கு முன்னால் இரண்டு வரிசையாக நிறுத்தினாள். ஆட்டோமேட்டிக்கில் வைத்து, டைமரைத் தட்டிவிட்டு, தானும் ஓடிப்போய் நின்றுகொண்டாள்.

பிரிண்டில் விரிப்புகள் சாம்பல். முகங்கள் கரி.

“என் மூஞ்சி எங்கடி?” என்றாள் ஒருத்தி.

ஸ்டுடியோக்காரர் சிரித்தார். “கேமரா பொய் சொல்லாதும்மா. இருக்கிறதுதான் விழும்.”

(இங்கே அக்கா அழுததாக ஒரு வரி வைத்திருந்தேன். அழவில்லையாம். பல்லைக் கடித்தாளாம்.)

3

இனிக் கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், அவள் சொன்னபடியே தருகிறேன்.

“கேமரா மேல எழுத்து போட்ட திருகு இருக்குல்ல? ‘பி’ல வெச்சா வெளிச்சம் நுழையுற துளை, மூடி திறந்து மூடுற வேகம் ரெண்டையும் கேமராவே முடிவு பண்ணுது. ‘ஏ’ல துளை என் கையில, வேகம் அது கையில. ‘எஸ்’ல தலைகீழ். ஆனா எவ்வளவு வெளிச்சம் போதும்னு மூணுலயும் அதுதான்டா தீர்ப்பு சொல்லுது!”

எதைப் பார்த்தாலும் சாம்பலாக்கச் சொல்லும் தீர்ப்பு. வெள்ளையை நிறையக் கண்டால் வெளிச்சம் மிஞ்சிவிட்டதென்று ஒளியைக் குறைத்துவிடும், பலியாவது முகம். அந்தத் தீர்ப்பை மறுக்க ஒரு குட்டிச் சக்கரம் உண்டு.

அக்கா ‘ஏ’யில் வைத்தாள். இரண்டு வரிசையும் தெளிவாக விழ, துளையைச் சிறிதாக்கினாள். சக்கரத்தை ப்ளஸ் இரண்டுக்குத் திருப்பினாள், அதாவது கேமரா போதுமென்றதைப் போல நாலு மடங்கு வெளிச்சம்.

4

மறுபடி எடுத்த படத்தில் ஏழு முகங்களும் வந்தன, ஒருத்தியின் கன்னத்து மச்சம் உட்பட.

“துணியெல்லாம் ரொம்ப வெளுத்துப் போச்சே” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“துணிய வெளுக்கிறதுதான் எங்க வேலை. மூஞ்சி தெரியுதுல்ல? பெருசா ஒண்ணு போடுங்க.”

5

சட்டமிட்ட படத்தோடு அக்கா நடைவழியில் ஸ்டூல் போட்டு ஏறினாள். சுத்தியலின் முதல் அடியிலேயே மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

“யாரக் கேட்டு ஆணி அடிக்கிற?”

“டாக்டருங்க யாரக் கேட்டாங்க?”

முடிவு ஒன்று: அவர் படத்தைப் பிடுங்கினார். முடிவு இரண்டு: வெட்கிப்போய், ஆடுகிற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். முடிவு மூன்று: அப்போது பெரிய டாக்டர் அந்தப் பக்கமாக…

அக்கா மூன்றையும் கிழித்தாள். “அவர் என்ன பண்ணாருங்கிறதா கதை?”

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. அவள் ஸ்டூல்மேல் நிற்கிறாள், ஓங்கிய சுத்தியலோடு. பின்னால் ஆறு பேர். மேற்பார்வையாளரை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்ய வையுங்கள். அவளை மட்டும் இறங்கச் சொல்லாதீர்கள்.