யார் தோளில்

சென்னையில் மனோதத்துவம் படித்துக்கொண்டிருந்த அப்புசாமியை, அந்தக் கோடை விடுமுறையில் தம் ஆராய்ச்சிக்குத் துணையாகச் சேர்த்துக்கொண்டார் பேராசிரியர். 1924-இல் காவிரி பெருகியதைப் பார்த்தவர்களிடம் அன்று நடந்ததைக் கேட்டு, சொன்னபடியே எழுதி வர வேண்டும். பத்து வருஷத்தில் ஞாபகம் எப்படி உருமாறுகிறது என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"யாரையும் திருத்தாதே. எது சரியென்று தீர்ப்பும் சொல்லாதே" என்று பழக்கித்தான் அனுப்பியிருந்தார்.

குமாரபாளையத்துக்குக் கீழே, ஆற்றங்கரையில் அவன் ஊர். சித்திரை வெயிலில் வீடு வீடாகப் போனான். தண்ணீர் கோயில் படியைத் தொட்டது என்றார் காளியண்ணன். கோபுரமே முழுகியது என்றார் அவர் தம்பி. அப்புசாமி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே எழுதினான். தன் ஞாபகத்தில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே இல்லை. எட்டு வயது. அப்பாவின் தோளில் இருக்கிறான். சுற்றிலும் செந்தண்ணீர். "இருக்கறன் கண்ணு" என்று அவர் குரல்.

கடைசியாக அம்மாவிடம் கேட்டான். சென்னியம்மாள் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கய்யன் அன்னைக்கு ஊர்லயே இல்ல சாமி. மாடு வாங்கப் போனவரு அக்கரையில சிக்கிக்கிட்டாரு. உன்னயத் தூக்கியாந்தது நம்ம பண்ணையத்துச் சடையன்."

"யாருமே சொல்லலியே ஆத்தா?"

"சொல்றதுக்கு என்ன இருக்குது? அவன் தொட்டுட்டான்னு, மறுக்காத் தண்ணி வாத்துத்தான் உன்னய ஊட்டுக்குள்ள சேத்துனாங்க. காச்சல்ல கெடந்தே."

அவனிடம் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தில் அவனே அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான்.

மறுநாள் ஊருக்கு வெளியே இருந்த சடையன் குடிசைக்குப் போனான். சடையன் பதறி எழுந்தார்.

"சொல்லி உட்டிருந்தா நானே வந்திருப்பனுங்களே."

"உக்காருங்க. வெள்ளத்தன்னைக்கு நடந்ததை ஞாபகம் இருக்கறபடி சொல்லுங்க."

அந்த 'ங்க'வில் சடையன் கொஞ்சம் திகைத்துப்போனார். பிறகு மெல்லச் சொன்னார்.

"எங்கழுத்தக் கட்டிக்கிட்டு, 'ஐயா, ஐயா'ன்னு உங்கய்யனத்தான் கூப்பிட்டீங்க. நான் அவரில்லீன்னு சொன்னா பயந்து கைய உட்ருவீங்க. அதான், 'இருக்கறன் கண்ணு, கைய உட்ராதே'ன்னே வந்தனுங்க. அன்னைக்கு மட்டும் உங்கள நீ, வான்னு பேசிட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க சாமி."

அப்புசாமியால் எழுத முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டான். சடையன் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

அங்கே தண்ணீர் குடித்த செய்தி அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. கல்லூரி திறந்து அவன் ரயிலேறும் வரை அப்பா அவனோடு பேசவில்லை.

சென்னையில் பேராசிரியர் படித்துவிட்டு மகிழ்ந்துபோனார். "அருமையான சான்று இது! உன்னுடையதையும் சேர்ப்போம். பெயர் வராது."

"என் பேர் வேண்டாம் சார். அவர் பேரைப் போடலாமா?"

"ஆராய்ச்சியில் யார் பெயரும் வருவதில்லையே."

விதி நியாயமானதுதான் என்று அவனுக்கும் தெரிந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. தைப்பொங்கலுக்கு ஊர் திரும்பியபோது, பையோடு முதலில் சடையன் குடிசைக்குத்தான் போனான்.