முப்பத்தேழு வருடம் பிந்திய எழுத்து

"ஊசியைக் குறுக்காலை குத்து பிள்ளை. நேரை குத்தினால் விலாவிலை ஏறும்" என்றாள் அம்மா சிவகாமி.

சாருகா பற்களுக்கிடையில் இரண்டு ஊசிகளைக் கடித்தபடி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த அம்மாவுக்குக் கூறைச்சேலை உடுத்திக்கொண்டிருந்தாள். படுத்திருப்பவருக்குச் சேலையை மடித்துக் கொய்யகம் வைப்பது எப்படி என்று எந்த யூடியூப்பிலும் இல்லை. ஒஸ்லோவில் வெஸ்ட்லி வீட்டிலிருந்து ரயிலில் வரும்போதே தேடிப் பார்த்துவிட்டாள். தாதி யூலியா அம்மாவை ஒரு பக்கம் மெல்லப் புரட்ட, மறுபக்கத்தால் சாருகா சேலையை இழுத்தாள். நோய் அம்மாவைப் பாதியாக்கியிருந்தது. கூறை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

"இறுக்கிக் குத்து. இதை இனி அவிழ்க்கிற வேலை இல்லை."

சாருகாவுக்கு விளங்கியது. விளங்காத மாதிரி அடுத்த ஊசியை எடுத்தாள்.

இன்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கலியாணம். அந்தச் சொல்லை அம்மாவின் காதில் போடக்கூடாது. கலியாணம் எப்பவோ முடிஞ்சுது, இது எழுத்து என்று சண்டைக்கு வருவாள். யாழ்ப்பாணத்தில் பதிவுக்காரரை வீட்டுக்கு அழைத்து, சாட்சிகளோடு கையெழுத்து வைத்து, பலகாரம் கொடுத்து அனுப்புவதற்கு எழுத்து என்று பெயர். தாலி கட்டுக்கு முன்னாலும் நடக்கும், பின்னாலும் நடக்கும். முப்பத்தேழு வருடம் பின்னால் என்பது மட்டும் கொஞ்சம் அதிகம்.

பிழை அப்பாவுடையது. ஜெகதீஸ்வரனும் சிவகாமியும் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலம். தொழிலாளர் விடுதிக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்திலிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் தாலி கட்டினார்கள். அடுத்த நாள் எழுத்து வைப்பதற்காக, கூறையும் கோட்டுமாகப் பனியில் சறுக்கிச் சறுக்கி ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே டை கட்டிய ஒரு மனிதர் ஒரு தாளை நீட்டினார். டை கட்டியவர் பதிவுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. இருவரும் கையெழுத்து வைத்தார்கள். கூடப்போன இரண்டு நண்பர்களும் யாரும் கேட்காமலே ஓரத்தில் சாட்சி வைத்தார்கள். அப்பா பயத்தம் உருண்டைத் தட்டை நீட்டினார். மனிதர் ஒன்றைத் தின்று, எல்லோருக்கும் கைகொடுத்தார். நால்வரும் நிறைந்த மனதோடு திரும்பினார்கள். அவர்கள் கொடுத்துவிட்டு வந்தது, இருவரும் ஒரே அறைக்குக் குடிமாறிய அறிவித்தல்.

சாருகா பிறந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பிள்ளையின் தகப்பன் யார் என்று கேட்டு அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அம்மா கொதித்துப் போனாள். முறையாகத் திரும்பப் பதிவோம் என்று அப்பா கெஞ்சினார்.

"கட்டின புருஷனைத் திரும்பவும் கட்டினால், அப்ப இவ்வளவு நாளும் நான் உங்களுக்கு ஆர்?"

அந்தக் கேள்வியோடு பதிவுப் பேச்சு நின்றது. ஒஸ்லோவுக்கு வந்து, பஸ் ஓட்டி, ஓய்வு பெற்ற பிறகும் அப்பா அதைத் திரும்ப எடுக்கவில்லை. நோர்வேயின் பதிவில் அவர் கலியாணம் கட்டாதவர். இந்த ஆஸ்பத்திரிக் கணினியில் அவர் அம்மாவின் 'சாம்பூவர்', அதாவது சேர்ந்து வாழ்பவர். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அப்பா குனிந்து தன் காலிலிருக்கும் சப்பாத்தைப் பார்ப்பார். அதைப் பார்க்கச் சாருகாவுக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இனி வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று மருத்துவர் சொன்ன அன்று, அம்மாவே பேச்சை எடுத்தாள்.

"நான் போனாப்பிறகு, உந்த மனிசன் பதிவிலை கலியாணம் கட்டாத பெடியன். அறுபத்தெட்டு வயசிலை பிரமச்சாரி! அப்பிடி விட்டிட்டுப் போக ஏலாது. எழுத்தை வையுங்கோ."

அப்பா வெளியே போய் நின்று அழுதார். பிறகு உள்ளே வந்து, "எந்தக் கோட்டைப் போட?" என்று கேட்டார்.

அன்று தொடங்கியது சாருகாவின் ஓட்டம். கலியாணத்துக்குத் தடையில்லை என்று, குடிசனப் பதிவையும் பார்க்கும் வரி அலுவலகம் சான்றிதழ் தராமல் இந்த நாட்டில் யாரும் யாரையும் கட்ட முடியாது. அதற்கு மணமகளை அறிந்த ஒருவரும் மணமகனை அறிந்த ஒருவரும் உறுதி சொல்ல வேண்டும். மணமகளுக்குச் சாருகா. எவ்வளவு காலமாகத் தெரியும் என்ற கேள்விக்கு, 'பிறந்ததிலிருந்து' என்று எழுதினாள். மணமகனுக்குக் கீழ்வீட்டு ஹரிப்ரியா. மதுரையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவள். படிவத்தில் பாதி எழுதியதும் தொலைபேசி எடுத்தாள்.

"சாருகா, அங்கிளுக்கு ஏற்கனவே மேரேஜ் ஆயிருக்கான்னு கேக்குறாங்க. ஆமான்னு போடவா, இல்லைன்னு போடவா? யாரோடன்னு கேட்டா ஆன்ட்டியோடன்னுதானே சொல்லணும்?"

"இல்லையெண்டு போடுங்கோ. அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

மருத்துவரின் கடிதம் கூட இருந்ததால் சான்றிதழ் விரைவாகவே வந்தது. எழுத்து வியாழக்கிழமை என்று ஏற்பாடு. ஆனால் செவ்வாய் காலையே யூலியா கூப்பிட்டு, வியாழன் வரை பொறுக்க வேண்டாம், இன்றைக்கே வையுங்கள் என்றாள். அதன் பிறகு சாருகாவுக்கு ஒரே ஒரு பயம்தான். அம்மா தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். மகள் சொன்னால் செல்லாது.

மதியம் ஹரிப்ரியா வந்தாள். மல்லிகை கிடைக்காமல் வெள்ளைக் கார்னேஷனில் இரண்டு மாலை கட்டியிருந்தாள். அப்பா கோட்டும் சூட்டுமாக, கையில் ஒரு பெரிய டப்பாவோடு வந்தார். பயத்தம் உருண்டை. யூலியா கூப்பிட்ட கையோடு தானே உருட்டியது. சில சின்னதாய்த் தேசிக்காய் அளவு, சில கைகொள்ளாத தோடம்பழம் அளவு.

"எங்க ஊரு பாசிப்பருப்பு லட்டு மாதிரியே இருக்கு அங்கிள்."

"அது வேறை, இது வேறை பிள்ளை" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இதுக்குத் தேங்காய்ப்பூ வறுத்துப் போடுறது. அவர் கருக்கியிருப்பார்."

கருகித்தான் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

நகரசபை அதிகாரி நரைத்த தலையுள்ள பெண். முதலில் அப்பாவிடம் சம்மதமா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். கேள்வி முடியுமுன்னே அப்பா "யா" என்றார். முழுவதும் வாசிக்க வேண்டும் என்று அதிகாரி சிரித்துக்கொண்டே மறுபடி தொடங்கினார். அப்பா மறுபடியும் முந்திவிட்டார்.

பிறகு அம்மா. கேள்வி முழுவதும் வாசித்து முடிந்தது. அம்மாவின் கண்கள் மூடியிருந்தன.

அதிகாரி காத்திருந்தார். யூலியா கட்டிலருகே குனிந்தாள். சாருகா கூறையின் மடிப்பையே பார்த்தாள். அது மெல்ல உயர்ந்தது, தாழ்ந்தது. பிறகு வெகுநேரம் உயரவில்லை. ஐயோ, ஒரு சொல், ஒரே ஒரு சொல் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

"சிவகாமி... இஞ்சேர்..." என்றார் அப்பா.

"முப்பத்தேழு வருசம் பொறுத்தனீங்கள். ஒரு நிமிசம் பொறுக்க ஏலாதோ?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

பிறகு திறந்தாள். அதிகாரியை நேராகப் பார்த்து, "யா" என்றாள். அது போதாதென்று, மீன் வெட்டும் மேசையில் கூட நின்ற பெண்களிடம் பழகிய ஒரு வசைச்சொல்லையும் பின்னால் சேர்த்தாள். யூலியாவும் வடக்குக்காரி, அது அவளுடைய ஊர்ச் சொல். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு உறுதியான சம்மதத்தைத் தான் இதுவரை கேட்டதில்லை என்றார்.

மாலை மாற்றினார்கள். யூலியா அப்பிள் சாறு ஊற்றினாள். அதிகாரி உருண்டை தின்று, இன்னொன்றைக் கைத்துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். அப்பா ஒரு துகளைக் கிள்ளி அம்மாவின் நாக்கில் வைத்தார்.

"கருகல்தான். ஆனால் நல்லாயிருக்கு" என்றாள் அம்மா.

சாருகாவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தன் தாய் தகப்பன் கலியாணத்தைப் பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது!

எல்லோரும் போன பிறகு அம்மா தூங்கினாள். ஜன்னலில் ஜூன் மாத வெயில் இறங்குவதாக இல்லை. அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாட்ஸ்பியோர்ட் கதையை ஆரம்பித்தார். பனியில் சறுக்கியது, டை கட்டிய மனிதர், சாட்சி வைத்த நண்பர்கள். சாருகா கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். இடையில் எப்போதோ அம்மாவின் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. சாருகா திரும்பிப் பார்த்தாள். அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கதையை நிறுத்தவில்லை. அந்த மனிதர் உருண்டையைத் தின்று கைகொடுத்த இடம் வரை சொல்லி முடித்தார்.

அதன் பிறகுதான் சாருகா வாய்விட்டு அழுதாள்.

யூலியா வந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். வேறு உடுப்பு மாற்றவா என்று தணிந்த குரலில் கேட்டாள். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். புருஷன் உயிரோடிருக்கும்போதே போகிறவளைக் கூறையோடுதான் வழியனுப்புவார்கள் என்பதை அவர் விளக்கப் போகவில்லை. தோளில் சரிந்திருந்த தலைப்பை மட்டும் சரிசெய்தார். சாருகா குத்திய ஊசி ஒன்றும் கழன்றிருக்கவில்லை.

மரணத்தை உறுதிசெய்ய இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். மாலை நேர வேலைக்கு வந்தவர், மதியம் நடந்தது அவருக்குத் தெரியாது. கையுறையைப் போட்டபடி கணினித் திரையைப் பார்த்தார்.

"நீங்கள்தான் இவருடைய சாம்பூவரா?"

அப்பா எழுந்தார். கழுத்தில் இன்னும் மாலை கிடந்தது. கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். சப்பாத்தைப் பார்க்கவில்லை.

"இல்லை" என்றார் நோர்வேஜிய மொழியில். "நான் இவருடைய கணவன்."

பிறகு மேசையில் இருந்த டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் நீட்டினார். மருத்துவர் என்ன செய்வதென்று தெரியாமல் யூலியாவைப் பார்த்தார். யூலியா தலையசைத்தாள். அவர் மெல்லக் கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றை எடுத்தார். தோடம்பழம் அளவில் இருந்ததுதான் கையில் அகப்பட்டது.