அடுத்த குண்டுக்கான பேச்சு

எனக்குக் காதில் ஒரு கோளாறும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் பேசுகிறவர்களில் பாதிப் பேர் கத்துகிறார்கள். டாக்டர் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டி, இருப்பதிலேயே சின்னச் சத்தத்தை விட்டார். அதற்கும் கையைத் தூக்கினேன். கேட்பது எனக்கு உடனே கேட்டுவிடும். புரிவதுதான் பின்னால் நடந்து வரும்.

மற்றவர்களுக்குச் சொல் காதில் விழும்போதே அர்த்தமும் சேர்ந்து விழுந்துவிடுமாம். எனக்கு முதலில் வெறும் சத்தம்தான். பேசுகிறவர் வாயை மூடி, சுற்றிலும் கொஞ்சம் அமைதி கிடைத்தால், அந்தச் சத்தம் பிரிந்து சொல்லாகும். சில வாக்கியங்கள் கொஞ்ச நேரத்தில் வரும். சிலது சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது வந்து நிற்கும். வந்தால் முழுசாக வரும், ஒரு எழுத்து குறையாது. ஆனால் அதற்குள், “புரியலையா?” என்று கேட்டு அதையே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்வார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதி வந்தது போய்விடும். ரேஷன் கடை வரிசையில் மறுபடியும் கடைசியில் போய் நிற்பது போலத்தான்.

பரீட்சை எழுத்தில் இருந்ததால் பி.காம். முடித்தேன். இன்டர்வியூ வாயில் இருந்ததால் ஒரு வேலையும் கிடைக்கவில்லை. ஊரில் என் பெயர் டியூப்லைட். வைத்திக்குப்பத்தில் என்னைப் பூர்ணிமா என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு.

இப்படிப்பட்டவளுக்குத்தான் பெத்தாங் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே விட்டுப்போன ஆட்டம். ஒரு சின்ன மரக்குண்டை மண்ணில் எறிந்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் யாருடைய இரும்புக் குண்டு போய் நிற்கிறது என்று பார்ப்பார்கள். பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி, பதிமூன்று எடுத்தால் வெற்றி. ஒருத்தி பக்கத்தில் கொண்டுபோய் வைப்பாள். இன்னொருத்தி எதிராளியின் குண்டைக் குறிபார்த்து அடித்துத் தள்ளுவாள். நான் அடிக்கிறவள். எறிகிறவரின் கால் தரையில் போட்ட வட்டத்துக்குள் இருக்கும்போது யாரும் பேசக்கூடாது என்று அதில் விதியே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட அன்றே ஆட்டத்தின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது.

கூட்டாளி மட்டும் யோசனை சொல்லலாம். என் கூட்டாளி ஜெயசித்ரா அண்ணி.

அண்ணி கடற்கரையில் மீன் விற்கிறவள். குண்டை வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் தான் என்ன நினைக்கிறோம் என்பதே அவளுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் தெரியும். வாயை மூடினால் மூளையில் கரண்டு போய்விடும். நான் வட்டத்துக்குள் நின்றதும் ஆரம்பிப்பாள். “அடி பூர்ணி, இல்ல இல்ல, கொஞ்சம் பொறு, அந்த எடதுபக்கத்துல இருக்கிறது கிட்டயா இது கிட்டயா, சரி வச்சுடு, தூக்கிப் போடாத, உருட்டு.” எறிவதற்கு ஒரு நிமிடம்தான் கொடுப்பார்கள். அந்த நிமிடம் முழுக்க எனக்குச் சத்தம்தான். ஏதோ ஒன்றை எறிந்துவிட்டு வெளியே வருவேன். அடுத்த முறை வட்டத்துக்குள் போகும்போது, போன முறை சொன்ன “உருட்டு” வந்து சேரும். உருட்டுவேன். இப்போதோ அடிக்க வேண்டிய நேரமாக இருக்கும்.

அந்த வருஷம், அதாவது 2007இல், ஜூலை பதினாலாம் தேதி லாஸ்பேட்டை மைதானத்தில் பெண்கள் இரட்டையர் போட்டி. ஜெயிக்கிற ஜோடி அடுத்த மாதம் ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவுக்குப் போய் ஆடும். விமானத்தில். அண்ணி பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டாள், என்னையும் எடுக்கவைத்தாள்.

ஆனால் எனக்கு விமானம் அல்ல கவலை. பெத்தாங் சங்கத்துச் செகரட்டரி கிருஷ்ணசாமி இரண்டு வாரமாகவே அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் லட்சுமி நிற்பாள். லட்சுமியும் அடிக்கிறவள்தான், சொன்ன சொல்லை அப்போதே கேட்கிறவள். அண்ணி என்னை விட்டுவிட்டால் இந்த மைதானத்தில் என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்? வாய்ப்பேச்சு இல்லாமல் நான் கெட்டிக்காரி என்று காட்ட இந்த ஊரில் எனக்கு இருந்தது அந்த ஒரே இடம்.

போட்டியன்று காலையில் ஸ்கூட்டியில் போகும்போது அண்ணி வண்டி ஓட்டிக்கொண்டே பேசினாள். முன்னால் பஸ், பின்னால் லாரி, நடுவில் காற்று. “லட்சுமி” என்ற பெயர் மட்டும் தனியாகத் தெரிந்தது. கடைசியில் குரல் மேலே போனதால் ஏதோ கேள்வி என்று தெரிந்தது. அண்ணி தலையைத் திருப்பிக் காத்திருந்தாள். நானும் வாக்கியம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மைதானம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி பேசாமல் வண்டி ஓட்டியதை நான் அதுவரை பார்த்ததில்லை. சரி, முடிந்தது, லட்சுமிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எப்படியோ மோதி முட்டி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரில் தட்டாஞ்சாவடி அமுதவல்லி, அஞ்சலாட்சி ஜோடி. இருவரும் ஒரு பார்வையில் பேசி முடித்துவிடுகிறவர்கள். பார்க்கவே பொறாமையாக இருந்தது. கிருஷ்ணசாமிதான் நடுவர். “சிலான்ஸ், சிலான்ஸ்” என்று பிரெஞ்சில் கூட்டத்தை அடக்கிக்கொண்டே இருந்தார். கூட்டம் அடங்கியது. அண்ணி அடங்கவில்லை.

ஆறு புள்ளியில் நாங்கள், பதினொன்றில் அவர்கள். நான் அடிக்க வேண்டியதை வைத்தேன், வைக்க வேண்டியதை அடித்தேன். ஒருமுறை எங்கள் குண்டையே தள்ளிவிட்டேன். கூட்டத்தில் ஒருத்தன், “டியூப்லைட்ட மாத்துங்கப்பா” என்றான். அது மட்டும் எனக்கு உடனே புரிந்தது. நூறு தடவை கேட்டுப் பழகிய வாக்கியத்துக்குத் தாமதம் இல்லை.

தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோது அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றாள். “நான் சொல்றது உனக்குப் புரியுதா இல்லியா? காலையிலயும் கேட்டதுக்குப் பதில் சொல்லல. என்னைப் புடிக்கலன்னா சொல்லிடு.”

பிறகு வாயில் பாட்டிலைக் கவிழ்த்தாள். அந்த நேரம் போதும், வாக்கியம் எனக்கு வந்துவிட்டது. என்னைப் பிடிக்கலன்னா! எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் மண்டைக்குள் நடப்பதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. மக்கு என்று முடிவுகட்டியவர்கள் எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

“அண்ணி, நீங்க சொல்றது எனக்குக் கேக்குது. ஆனா லேட்டாத்தான் புரியும். நான் எறிஞ்சு முடிச்ச பொறவுதான் வந்து சேரும். நீங்க இப்ப சொல்றது எனக்கு அடுத்த குண்டுக்குத்தான். நடுவுல பேசிக்கிட்டே இருந்தா அதுவும் வராது.”

அண்ணி பாட்டிலை இறக்கினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைச் சுருக்கி, தொலைவில் எதையோ பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

“கடல்ல படகுக்குக் கொரல் குடுக்கற மாதிரியா?”

நான் விழித்தேன்.

“அல தூக்கறப்ப கூப்புட்டா, கொரல் போய்ச் சேர்றதுக்குள்ள படகு கவுந்துடும்டி. முந்தின அலையிலயே கூப்புட்டுடணும். எங்கப்பாவுக்கு நான் அப்படித்தான் கூப்புடுவேன்.” பாட்டிலை என் கையில் திணித்தாள். “இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?”

அவ்வளவுதான். டாக்டர், வாத்தியார், இன்டர்வியூ எடுத்தவர்கள் யாருக்கும் எட்டாதது அண்ணிக்கு ஒரு மடக்குத் தண்ணீரில் எட்டிவிட்டது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் கிருஷ்ணசாமி விசில் ஊதிவிட்டார்.

அதன் பிறகு ஆட்டம் வேறு. எதிராளி எறியத் தயாராகும்போதே அண்ணி என் பக்கத்தில் வந்து ஒரே ஒரு தடவை சொல்வாள்: “அவ உள்ள வச்சா அடி. வெளிய வச்சா நீ வை.” சொன்னதும் ஓடிவிடுவாள். எதிராளி எறிந்து முடிப்பதற்குள் அது எனக்கு முழுசாக வந்திருக்கும். நான் வட்டத்துக்குள் நிற்கும்போது மைதானம் நிசப்தம்.

அண்ணியால் பேசாமல் இருக்க முடியாதே, அதற்கு என்ன செய்தாள்? கயிற்றுக்கு வெளியே நின்ற என் அண்ணன் சந்திரமோகனிடம் போய் அவன் காதில் முணுமுணுத்துத் தள்ளினாள். அண்ணனும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கல்யாணமாகி எட்டு வருஷம், அவன் காதுக்குள் போவது எதுவும் மூளைக்குப் போவதில்லை. எனக்குத் தாமதமாகப் புரியும், அண்ணிக்குப் பேசினால்தான் புரியும், அண்ணனுக்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரே வீட்டில் மூன்று விதம்.

நான் அடித்த குண்டுகள் டங், டங் என்று தெறித்தன. ஒன்பதுக்கு வந்தோம். அவர்கள் ஒன்று எடுத்துப் பன்னிரண்டுக்குப் போனார்கள். நாங்கள் இரண்டு எடுத்துப் பதினொன்றில் நின்றோம். “டியூப்லைட் எரியுதுடா” என்று அதே ஆள் கத்தினான். கிருஷ்ணசாமி அவனைப் பார்த்து, “சிலான்ஸ்” என்றார்.

கடைசிச் சுற்று. அவர்களிடம் ஒரே ஒரு குண்டு, அது அமுதவல்லியின் கையில். என்னிடமும் ஒன்றுதான். மரக்குண்டுக்கு ரொம்பக் கிட்ட இருந்த இரண்டும் அண்ணி வைத்தவை, அதை ஒட்டி அவர்களுடைய குண்டு. அப்படியே நின்றால் எங்களுக்குப் பதிமூன்று. கிருஷ்ணசாமி நாடா வைத்து அளந்தார், அண்ணியின் குண்டு இரண்டும்தான் முந்தி நின்றன, மயிரிழையில். பின்தங்கியவர்கள்தான் அடுத்து எறிய வேண்டும், அதனால் அமுதவல்லியை எறியச் சொன்னார். அண்ணி என்னிடம் ஓடிவந்தாள். “அவ எங்க வச்சாலும் அடிக்காத. நீ கிட்டக் கொண்டாந்து வை. ஒண்ணு எடுத்துச் சமன் பண்ணிக்கலாம். வை, போதும்.” சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

அமுதவல்லி எறிந்தாள். அவள் குண்டு மெதுவாக உருண்டு வந்து மரக்குண்டின் முன்னால் ஒட்டினாற்போல் நின்றது. வாசலை அடைத்துக்கொண்டது. இனி எங்கே வைத்தாலும் அதற்குப் பின்னால்தான். வைப்பதற்கு இடமே இல்லை. அடித்துத் தள்ளினால் அண்ணியின் குண்டு இரண்டும் எங்கள் கணக்கில் வந்து பதிமூன்று. தவறினால் ஆட்டம் அவர்களுக்கு.

வட்டத்துக்குள் நின்றேன். “வை, போதும்” முழுசாக வந்து சேர்ந்தது. தப்பான சொல் சரியான நேரத்துக்கு வந்திருந்தது. அண்ணியைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்துவிட்டது. இப்போது சொன்னால் எனக்கு வந்து சேராது என்பதும் தெரியும். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, கண்ணில் தண்ணீரோடு நின்றாள். எனக்காக ஜெயசித்ரா அண்ணி வாயை அடைத்துக்கொண்டு நின்றதை அன்று லாஸ்பேட்டையே பார்த்தது.

கூட்டத்தில் சத்தமே இல்லை. அந்த அமைதியில், கேட்காமலே, காலையில் ஸ்கூட்டியில் காற்றோடு போன வாக்கியம் ஒரு எழுத்து குறையாமல் வந்து நின்றது.

“லட்சுமிய வச்சு ஆடச் சொல்றாரு செகரட்டரி. முடியாதுன்னுட்டேன். செயிச்சாலும் தோத்தாலும் நீயும் நானுந்தாண்டி. கடைசி வரைக்கும். உனக்குச் சம்மதந்தானே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வட்டத்துக்குள் நின்று பல்லைக் காட்டினேன். கிருஷ்ணசாமி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு இனி ஒரு பயமும் இல்லை. கையைப் பின்னால் கொண்டுபோய் வீசினேன்.

டங்.

அமுதவல்லியின் குண்டு கயிறு வரைக்கும் ஓடியது. கிருஷ்ணசாமி நாடாவைக்கூட எடுக்கவில்லை, கையைத் தூக்கி எங்கள் பக்கம் காட்டினார். அண்ணன்கூடத் துள்ளினான். அண்ணி முந்தானையைத் துப்பிவிட்டு ஓடிவந்து என்னை அப்படியே தூக்கிச் சுற்றினாள். அடைத்துவைத்த பேச்சு மொத்தமும் என் காதில் கொட்டியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் சொன்னேன்:

“சம்மதம் அண்ணி.”

“இன்னாத்துக்குடி சம்மதம்?”

“காலையில கேட்டீங்களே. ஸ்கூட்டியில.”

அண்ணி விழித்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடினாள். சுற்றிலும் கைதட்டல், விசில். நான் அதைத் திரும்பச் சொல்லவில்லை, வேறு வார்த்தையில் விளக்கவும் இல்லை. அவளுக்கு வந்து சேரட்டும் என்று பக்கத்தில் பேசாமல் நின்றேன்.