இருபத்தெட்டு எம்பி பொய்

மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்கு விண்ணப்பம் மூடிவிடும்.

மலைவிழாவில் கவல் என்ற நீள மரக்குழல் வாசிக்க ஒரே ஓர் இடம். அதற்குப் போட்டியிடுபவர்கள் நாங்கள் எட்டுப் பேர். நிபந்தனை ஒரே வரி: ஒலியில் எதையும் கழிக்காத ஃப்ளாக் கோப்பு மட்டும்.

என் கணினியில் நான் வாசித்த ஐந்து நிமிடம் இரண்டு கோப்புகளாக இருந்தது. ஒலியைக் கழித்துச் சுருக்கிய எம்பி3, ஐந்து எம்பி. ஃப்ளாக், இருபத்தெட்டு எம்பி. மாற்றி மாற்றிக் கேட்டேன். அச்சு அசல் ஒன்றே. பெரிய கோப்பில் கூடுதலாக எதுவும் கேட்கவில்லையே என்று சந்தேகம் வந்தது. ஸ்டூடியோவில் என்னைப் பதிவு செய்த ஸ்நெஷாவைப் போனில் பிடித்தேன்.

"ஃப்ளாக்கோட ஸ்பெக்ட்ரம் படத்தை, அதான் சத்தத்தோட வரைபடத்தைத் திறடா. மேல என்ன தெரியுது?"

"பதினாறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல ஒரே இருட்டு. அரிவாளால அறுத்த மாதிரி."

"அது எம்பி3 போட்ட வெட்டு. அந்த எம்பி3யிலேருந்துதான் யாரோ இந்த ஃப்ளாக்கைச் செஞ்சிருக்காங்க. நான் அனுப்பின அசல் எங்கே?"

பக்கத்தில் என் மச்சான், போகோமில் என்று பெயர், காபிக் கோப்பையோடு நெளிந்தான்.

"இடம் அடைக்குதேன்னு எம்பி3 ஆக்கிட்டு அழிச்சிட்டேன் மச்சான். நீ ஃப்ளாக் கேட்டியா, நேத்து திரும்ப ஃப்ளாக் ஆக்கிட்டேன். சைஸ் ஏறிச்சே! போன சத்தம் வந்துருச்சுன்னுல்ல நெனச்சேன்?"

"தாராதோர் தயிர் சூப்புல தண்ணி ஊத்தினா சட்டி நிறையும் ராசா, தயிர் கூடாது!" போனில் ஸ்நெஷா கத்தினாள். "என்கிட்டயும் இல்ல. மாசக் கடைசியில டிஸ்க்கைத் துடைச்சிருவோம்."

மறுபடி பதிவு செய்யக் கருவியைத் தேடி எடுப்பதற்குள் பதினொன்று நாற்பத்தைந்து. அந்தச் சின்னப் பதிவுக் கருவியை மேஜையில் வைத்தேன். இரைச்சல் பதிவாகாமலிருக்க, போகோமில் குளிர்சாதனப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். வாசித்தேன். மூன்றாம் நிமிடத்தில் மேல் சுரம் ஒன்று வழுக்கியது. நிறுத்தவில்லை, மறுபடி வாசிக்க நேரம் ஏது?

நேராக ஃப்ளாக் ஆக்கினேன். படத்தில் மூச்சுக்காற்று உச்சிவரை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வழுக்கலும் பளிச்சென்று தெரிந்தது.

பதினொன்று ஐம்பத்திரண்டு. ஒன்றில் வாசிப்பு சுத்தம், கோப்பு பொய். மற்றதில் கோப்பு சுத்தம், வாசிப்பு பிசகு.

"ஸ்நெஷா, எதை அனுப்ப?"

"நடுவர் படத்தைப் பாத்தா பழசு அவுட். காதால மட்டும் கேட்டா புதுசு அவுட்."

"அவங்க என்ன செய்வாங்க?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

விரல் பழையதன் மேல் நின்றது. புதியதற்குப் போனது. மறுபடி பழையது. அந்தக் கரிய வெட்டைப் பார்த்தேன். அதற்கு மேலே இருந்த என் மூச்சு அதில் இல்லை. புதியதை அழுத்தினேன்.

பதினொன்று ஐம்பத்தெட்டு. திரையில் பதில் வந்தது: "ஃப்ளாக். ஏற்கப்பட்டது."

"ஜெயிச்சோமா மச்சான்?" என்றான் போகோமில்.

"தெரியலடா. கோப்பைத்தான் ஏத்துக்கிட்டாங்க, வாசிப்பை நடுவர் இன்னும் கேக்கல" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.