ஒன்று இருபத்தைந்து அலாரம்

1

பீப், பீப், பீப், பீப்.

கைக்கடிகார அலாரம். மதியம் ஒன்று இருபத்தைந்து. எங்கள் சேவை மன்றத்தின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் பயணிகள் ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து வந்தது. இந்தக் கதை அந்தச் சத்தத்தில்தான் பிறந்தது. மற்றபடி என் கதைகள் எல்லாம் பத்திரிகை ஆசிரியரின் அவசரத்தில் பிறப்பவை.

அலாரத்துக்குச் சொந்தக்காரர் கண்ணாடிக்கடைக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை, பக்கத்து ஊரில். [பக்கத்து ஊர் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். ரயில் ஓடிய காலத்தில் ஐம்பது நிமிடம். இப்போது தண்டவாளத்தில் சரக்கு வண்டி மட்டும்தான். மனிதர்கள் இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம் போக வேண்டும்.]

மாதத்தின் முதல் செவ்வாயன்று வருவார். அலாரம் அடித்ததும் ஒன்று நாற்பது பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். அதை விட்டால் ஆறு மணிக்குத்தான். மூன்று வருடங்களில் எங்கள் மன்றத்தில் ஒரு பேச்சின் முடிவைக்கூட அவர் கேட்டதில்லை.

அன்றும் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். மேடையில் ஸ்டேஷன் மாஸ்டர், "ஒரே ஒரு பெட்டிதான் கேக்குறோம். காலையில பதினொண்ணு பத்துக்கு வரும். சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்குத் திரும்பும்" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

2

அவர் ஏன் வருகிறார் என்று சொல்லாமல் கதை நகராது.

எங்கள் மாதிரி மன்றங்களில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் ஊர்க் கூட்டத்தைத் தவறவிட்டால், வேறு ஊர் மன்றத்தில் போய் உட்கார்ந்து எழுந்தால் போதும். அந்த ஊர்ச் செயலாளர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார். அதைக் காட்டினால் உங்கள் வருகைக் கணக்கு நேராகிவிடும்.*

(* நான் இதுவரை ஒரு சீட்டும் வாங்கியதில்லை. என் வருகைக் கணக்கு எந்தச் சீட்டுக்கும் நேராகாது.)

எங்கள் செயலாளர் கால்நடை மருத்துவர். ஊருக்கே டாக்டரம்மா. கணவர் காலமாகிப் பல வருடங்கள். அவருடைய கண்களில் ஒரு— வேண்டாம். அடித்துவிட்டேன். அவருடைய கண்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியைப் பற்றித் தெரியும். அதன் காது பக்கத்துத் திருகாணி ஒவ்வொரு முதல் செவ்வாயும் கழன்றிருக்கும்.

"மறுபடியும் லூஸாயிடுச்சா டாக்டரம்மா?"

"மாடு ஆட்டிடுது சார்."

கண்ணாடிக்கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து முடுக்கித் தருவார். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டில் கையெழுத்திடுவார். மொத்தம் ஒரு நிமிடம். மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்காக ஒரு மனிதர் ஆறு மணி நேரம் பஸ்ஸில் குலுங்குவாரா? என் ஆசிரியர் நம்ப மாட்டார். முதல் வரைவில் டாக்டரம்மாவுக்கு இருபது வயதைக் குறைத்துப் பார்த்தேன். அப்போது நான் நம்பவில்லை.

3

பேச்சு முடிந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் படிவங்களை நீட்டினார். முந்நூறு பேர் நிரப்பிக் கொடுத்தால் ரயில்வேயில் ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

"இந்த ரயில்ல யாரெல்லாம் ஏறுவீங்க? கை தூக்குங்க."

முதலில் தூக்கியவர் கண்ணாடிக்கடைக்காரர். டயர்க் கடை வைத்திருக்கும் எங்கள் தலைவர் சிரித்தார். "சார், நீங்க விருந்தாளி. உங்க கை இந்த ஊர்க் கணக்குல வராது."

"தலைவரே, ரயில் வந்தா உங்க டயர் யார் வாங்குவா? அதான் உங்க கை இறங்கியே இருக்கு" என்றார் டாக்டரம்மா. கூட்டம் சிரித்தது. ஒரு படிவத்தைக் கடைசி வரிசைக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

எங்கிருந்து, எங்கே, எத்தனை முறை என்ற கட்டங்களைக் கண்ணாடிக்கடைக்காரர் மளமளவென்று நிரப்பினார். கடைசிக் கட்டம் 'பயணத்தின் காரணம்'. அங்கே பேனா நின்றுவிட்டது.

"அதைக் காலியா விடக்கூடாதுங்க. காரணம் இல்லாம யாரும் ரயில் விட மாட்டாங்க" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

'மன்றக் கூட்டம்' என்று எழுதினார்.

பிறகு எல்லோரும் கலைந்தோம். அவருக்கு ஆறு மணி வரை பஸ் இல்லை. டாக்டரம்மாவுக்குப் படிவங்களை அடுக்கும் வேலை இருந்தது. அந்த நான்கு மணி நேரம் மன்றத்தின் மாடி அறையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தொடர்கதைக்காரனுக்கு இதைவிடக் கேவலம் வேறில்லை.

4

மறுநாள், கண்ணாடிக்கடைக்காரருடைய ஊர் மன்றத்திலும் படிவம் கொடுக்கலாமே என்று அங்கே போன் செய்தேன். எடுத்தது ஒரு தட்டச்சுப் பள்ளி.

"அந்த கிளப்பா? கலைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுங்களே. அவங்க நாற்காலியிலதான் எங்க பிள்ளைங்க உக்காந்திருக்கு."

ரிசீவரை வைத்தேன். வருகைக் கணக்குப் பார்க்க ஆளே இல்லாத மன்றத்துக்கு இரண்டு வருடமாகச் சீட்டு வாங்கிப் போகிறார் மனிதர். டாக்டரம்மா அதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். தெரிந்தால்? ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தால்? அடுத்த முதல் செவ்வாய் என்ன ஆகும்?

எழுதிப் பார்த்த முடிவுகள்:

ரயில் வருகிறது. அவர் இறங்குகிறார். இவர் நடைமேடையில்— (ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குக் கூசுகிறது.)

ரயில் வருகிறது. அவர் வரவில்லை. (இதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.)

ரயில் வரவில்லை. அவர் பஸ்ஸிலேயே வருகிறார். முழங்கால் எத்தனை வருடம் தாங்கும் என்று— (இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எதிலும் கையெழுத்திடவில்லை.

5

அச்சுக்கு அனுப்புமுன் இதை டாக்டரம்மாவிடம் காட்டாமலிருக்க மனம் வரவில்லை. மருத்துவமனைக்குப் போனேன். மேசைமேல் ஒரு நாய், காலில் பாதிக் கட்டு.

"பிடிச்சுக்கோங்க எழுத்தாளரே, கடிக்காது" என்று நாயை என்னிடம் கொடுத்துவிட்டுத் தாள்களை வாங்கினார். நின்றபடியே படித்தார். திருகாணிப் பத்தியில் ஒருமுறை கண்ணாடியைத் தொட்டுக்கொண்டார். நான்காவது பகுதியை இரண்டு தடவை படித்தார்.

"அன்னைக்கு என்ன பேசினீங்க?" என்றேன்.

"ரயிலைப் பத்தித்தான்."

"நாலு மணி நேரமா?"

"ரெண்டு பேருக்கும் வேற விஷயத்தை எடுக்கத் தைரியம் வரல." தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார். "ஒரு தப்பு இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. கிளப்பைக் கலைச்சா மத்த ஊர்ச் செயலாளருக்கெல்லாம் கடிதம் போகும். அது எனக்கு அப்பவே வந்துச்சு."

நாய் என் கையை நக்கியது.

"வேண்டாம்னா சொல்லுங்க டாக்டரம்மா. கிழிச்சுப் போட்டுடறேன்."

அவர் தாள்களைத் திருப்பித் தரவில்லை. கண்ணாடியைக் கழற்றி, ஆடாத திருகாணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவர் கடையில உங்க பத்திரிகை வாங்குவாங்களா?"