தனியாள் வரிசை

சிவப்பு மேல்சட்டையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். முழங்கைக் கிழிசலில் வெள்ளி நாடா ஒட்டிய அந்தப் பழஞ்சட்டையை இந்த மலையில் வேறு யார் போடப்போகிறார்கள், என் வீட்டுக்காரர் கிளென்தான். கம்பிவடத்தில் மேலே போகும் தொங்கு நாற்காலிக்கு, துணையில்லாமல் வருகிறவர்களுக்கென்று ஓரமாக ஒரு தனி வரிசை உண்டு. அதில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கிழவர், கிழவருக்குப் பின்னால் நான் போய்ச் செருகிக்கொண்டேன். வாடகை ஹெல்மெட், பாதி முகத்தை மறைக்கும் பனிக்கண்ணாடி, மூக்குவரை இழுத்துவிட்ட துணி. பெற்றவளே எதிரில் வந்து நின்றிருந்தாலும் என்னைத் தெரிந்திருக்காது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

அவர் நினைப்பில் நான் அந்நேரம் கீழே கேசினோவில் இருக்கிறேன். வருஷா வருஷம் ஜனவரியில் ஸ்டாக்டனிலிருந்து தாஹோ ஏரிக்கு வந்துவிடுவோம். விடிந்ததும் அவர் பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார். நான் சாலையைத் தாண்டி நெவாடா பக்கம் போய், பழப்படங்கள் சுழலும் சூதாட்ட மெஷின் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். கதகதப்பு, இனாம் காபி, வேறென்ன வேண்டும். ராத்திரி சாப்பாட்டில் அவர் பனியைப் பற்றிச் சொல்வார், நான் மெஷினைப் பற்றிச் சொல்வேன், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதில்லை. போன வருஷம் ஒருநாள் ஓட்டல் சன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் குடும்பம் குடும்பமாக நின்றவர்களுக்கு நடுவில் இந்த மனிதர் மட்டும் ஒற்றையாக நின்று, யாரோ பெற்ற குழந்தைக்குக் கையுறையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை நானும் மேலே போவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அதனால் இந்த வாரம் முழுக்கத் திருட்டுத்தனம். கேசினோ வாசல்வரை போவேன், அவருடைய பஸ் கிளம்பியதும் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன். அறுபத்திரண்டு வயதில் பொடிசுகளோடு வரிசையில் நின்று சறுக்கக் கற்றுக்கொண்டேன். விழுந்து விழுந்து இடுப்பெல்லாம் கன்றிப்போனது. என்னவென்று கேட்டார், கேசினோ படியில் வழுக்கிவிட்டது என்று புளுகினேன். கடைசி நாளான இன்று அவரோடு மேலே போக வேண்டும், உச்சியில் இறங்கியதும் துணியை இறக்கி முகத்தைக் காட்ட வேண்டும், மனிதர் வாயடைத்துப் போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

நாற்காலி வந்து முழங்காலுக்குப் பின்னால் முட்டியது. மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஓரத்தில் அவர், நடுவில் கிழவர், இந்த ஓரத்தில் நான். கிழவர் மடிக்கு முன்னால் தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டார், கூடவே பேச்சையும் ஆரம்பித்துவிட்டார். பெயர் ஓரன், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், ஏரிக்கரையில்தான் வீடு. எல்லாம் முதல் தூணைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது.

"தம்பி தனியாவா வந்திருக்கீங்க?" என்று கிளெனைக் கேட்டார்.

"ஆமா ஐயா."

"வீட்டுல வரலையா?"

"அவ தவறிட்டா. ரெண்டு வருஷமாச்சு."

காற்று இருந்தது, ஆனால் காது நன்றாகத்தான் கேட்டது. பக்கத்துத் தெருவுக்கு வழி சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். இது அவர் முதல்முறை சொல்வதல்ல என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"அடப் பாவமே. என்ன பண்ணுச்சு?"

"ஹார்ட்டு. தூக்கத்துலயே போயிட்டா."

யார் போய்விட்டாள்? காலையில் இவருக்குக் காலுறை தேடிக் கொடுத்தது யார்? ஒருவேளை எனக்குத் தெரியாமல் இன்னொரு பெண்டாட்டி இருந்து, அவள் செத்தும் போய்விட்டாளா? இருக்கும், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அதுகூடத் தேவலை என்றுதான் தோன்றியது.

"அவங்களும் சறுக்குவாங்களோ?"

"என்னைவிட நல்லாவே. முன்னால போய் ஒரு மரத்தடியில நின்னு திரும்பிப் பாப்பா. நான் வந்து சேர்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டா."

சரி, நானில்லை. எவளோ ஒருத்தி. கள்ளப் பயல், இத்தனை வருஷம் பனி பனி என்று உயிரை விட்டது இதற்குத்தானா என்று பல்லைக் கடித்தேன்.

"தீஞ்சுபோன ரொட்டிய என் தட்டுல வெப்பா," என்று சிரித்தார் கிளென். "நல்லதைத் தான் தின்னுடுவா. கேட்டா, தீஞ்சதுதான் வயித்துக்கு நல்லதும்பா. ரேடியோவுல எந்தப் பாட்டு வந்தாலும் கூடவே பாடுவா, ஒரு வரிகூட சரியா வராது."

ரொட்டி என்னுடையது. பாட்டும் என்னுடையது. மரத்தடியில் நின்று திரும்பிப் பார்க்கிறவள் மட்டும் நானில்லை. உயிரோடு இருக்கிறவளைப் புதைத்துவிட்டு, மேலே இன்னொருத்தியைச் செய்து வைத்திருக்கிறார். அவளைப் பற்றிப் பேசும்போது இந்த மனிதருக்கு வருகிற குரலை நான் நேரில் கேட்டே பல காலமாகிறது. கோபம் வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தச் செத்தவள்மேல் எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

நாற்காலி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. உச்சியில் யாரோ இறங்கும்போது விழுந்திருக்க வேண்டும், எப்போதும் நடப்பதுதான். பைன் மரங்களின் தலைக்கு மேலே மூவரும் தொங்கினோம். கீழே ஏரி கருநீலமாகக் கிடந்தது.

ஓரன் என் பக்கம் திரும்பினார். "நீ யாரோடம்மா வந்திருக்கே?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயும் உறைஞ்சு போச்சு போல, பாவம்," என்றவர் மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேரு என்ன தம்பி, அவங்க பேரு?"

கிளென் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் நான் அவருக்கு 'ஏய்'தான், இல்லாவிட்டால் 'உன்னைத்தான்'.

"மார்லா," என்றார்.

என் பெயர். யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"என்ன?" என்றேன்.

சத்தியமாக நினைத்துச் சொல்லவில்லை. அடுக்களையிலிருந்து சலித்துக்கொண்டு குரல் கொடுக்கிற அதே 'என்ன'. பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

ஓரன் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். கிளென் மட்டும் திரும்பவேயில்லை. நாற்காலி மறுபடி குலுங்கி நகர ஆரம்பித்தது. கடைசித் தூணும் பின்னால் போய், இறங்குகிற மேடு தெரிந்தது.

"இவங்களைத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார் ஓரன். "சரி, இறங்கணும்னா கம்பியத் தூக்கணும்," என்றார் சின்னக் குரலில்.

கம்பி எழும்பவில்லை. கிழவர் தூக்கிப் பார்த்தார், நானும் சேர்ந்து தூக்கினேன். அந்த ஓரத்தில் கிளென் இரண்டு கைகளாலும் அதை அமுக்கிப் பிடித்திருந்தார்.

"விழுந்துருவே," என்றார் என்னிடம், நேரே பார்த்தபடி. "உனக்கு இறங்கத் தெரியாது."

மேட்டுக்குப் பக்கத்திலிருந்த மரக்குடிலிலிருந்து காவலாள் வெளியே ஓடி வந்து, கம்பியைத் தூக்குங்கள், தூக்குங்கள் என்று எங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தி உயர்த்திக் காட்டினான்.