அறுபத்தொன்றாம் கட்டம்

மூன்றாவது கிண்ணத்துத் தெளிவை நாலாவதில் வடித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். கை அசைந்தால் படிகம் கலங்கிவிடும். வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். கம்பெனி விடுமுறை நாளில் இன்னொரு மனிதரோடு நான் பேசும் பேச்சு அவ்வளவுதான்.

மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் எனக்குச் சோதனைக்கூட வேலை. காஸ் விளக்கு வலைக்கு வேண்டிய தோரியம் கடற்கரை மணலில் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல வேண்டும். அது போக மிஞ்சும் உப்புகளை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன். சுவரில் நானே வரைந்த தனிம அட்டவணை தொங்கியது. அறுபதாம் தனிமமும் அறுபத்திரண்டாம் தனிமமும் எங்கள் மணலில் உண்டு. நடுவில் அறுபத்தொன்றாம் கட்டம் மட்டும் காலி. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் இங்கே இருக்கும்போது நடுவீட்டுக்காரன் எங்கே போய்விடுவான்? காய்ச்சி, ஆறவைத்து, படிகத்தை இடப்பக்கமும் தெளிவை வலப்பக்கமும் நகர்த்திக்கொண்டே இருந்தால், அறுபதின் ஊதாவுக்கும் அறுபத்திரண்டின் மஞ்சளுக்கும் நடுவே ஒருநாள் அகப்படுவான் என்று ஒன்பது வருஷமாக வடித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டதாக ஒருமுறை செய்தி வந்தது. பிறகு அது சந்தேகம் என்றார்கள். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

ஏழு பீங்கான் கிண்ணங்களும் என் மனைவி ஜெபகனி சீதனமாகக் கொண்டுவந்தவை. எட்டு வருஷத்துக்கு முன்பு பிரசவத்துக்குத் தக்கலையிலுள்ள தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. பெண்பிள்ளை, பதினோரு நாள் இருந்தது. ஒரே ஒருமுறை போய்க் கையில் வாங்கிப் பார்த்தேன். ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்டதால் சபைப் பதிவேட்டில் பெயரில்லை. பேறு முடிந்ததும் கணவன் முந்திரிக்கொத்தோடு போய்த் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பலகாரத்தோடு எப்படிப் போவது? அவளாக வருவாள் என்று நான் இருந்தேன். நான் வருவேன் என்று அவள் இருந்தாள். இந்தச் சுற்று முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். கோழைத்தனத்துக்கு ரசாயனம் நல்ல போர்வை.

கடிதம் சென்னையிலிருந்து. என்னோடு படித்த முத்துநாயகம் எழுதியிருந்தான். அறுபத்தொன்று ரேடியத்தைப்போலத் தானாகச் சிதைந்துபோகும் வகையாக இருக்கலாம் என்று இப்போது சிலர் நினைக்கிறார்களாம். அப்படியானால் ஒரு காலத்தில் இருந்திருந்தாலும் மனிதன் பிறக்குமுன்பே தீர்ந்துபோயிருக்கும். எந்த மணலிலும் கிடைக்காது. வேண்டுமானால் யாராவது புதிதாக உண்டாக்க வேண்டியதுதான் என்று விளையாட்டாக முடித்திருந்தான். இனித் தள்ளிப்போடச் சுற்று எதுவும் மிச்சமில்லை; அன்று கிண்ணங்களை அடுப்பில் ஏற்றவில்லை.

மறுநாள் காலை முந்திரிக்கொத்து வாங்கிக்கொண்டு தக்கலைக்கு பஸ் ஏறினேன். மாமியார் என்னைப் பார்த்ததும் அடுக்களைக்குள் போய்விட்டாள். ஜெபகனிக்குக் காதோரம் நரைத்திருந்தது. கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“தேடுனது கெடச்சிட்டா?”

“இல்ல. இருந்து, இல்லாமப் போயிருக்குமாம். தங்குற வகை இல்லியாம்.”

அவள் பொட்டலத்தைத் தொடவில்லை.

“கண்ணால காணாத ஒண்ணுக்கு ஒம்பது வருசமா கட்டம் போட்டு வச்சிருக்கிய. கையில வாங்குன பிள்ளைக்கு ஒரு பேரு வச்சியளா?”

காப்பியைக் கீழே வைத்தேன்.

“அவளுக்கொரு பேரு யோசிச்சிட்டு வாங்க. பொறவு நான் வாறேன்.”

அன்று சாயங்காலமே கிண்ணங்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அந்த வீட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் விட்டுப்போனதால் குரல் கரகரத்தது. முதலில் என் அம்மாவின் பெயர். பிறகு ஜெபகனியின் அம்மாவின் பெயர். வேதாகமத்துப் பெயர்கள் சில. எதுவும் அந்தச் சிறிய முகத்தில் ஒட்டவில்லை. அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

நடுக்கிண்ணம் மிஞ்சியது. ஒன்பது வருஷத்து உப்பு அடியில் வெளிறிக் கிடந்தது. தண்ணீர் விட்டுக் கலக்கி, ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே சாய்த்தேன். தண்ணீர் மணலில் ஊறி இறங்கியது. காலிக் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி அதே பெயரை இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன்.